நடு அடுக்கு

வக்கீல் விஜயராகவன் கொடுத்த பட்டியலில் எல்லாம் இருந்தது. கல்லறை மட்டும் இல்லை.

ழனெத் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். புதுச்சேரி துப்ராயப்பேட்டை வீடு, அந்த வீட்டின் மேல் பிற்பாடு எழுப்பிய மாடி, பிள்ளைச்சாவடியில் வாங்கிப் போட்ட மனை, தொமினிக் பெயரில் பிரான்சில் இருக்கும் சின்ன ஃப்ளாட், கார், தேக்குக் கட்டில், இரண்டு பீரோ, தையல் மெஷின், இன்வெர்ட்டர், இன்வெர்ட்டருக்குரிய பேட்டரி தனியாக. பிரான்சிலிருந்து இந்தப் பட்டியலை எழுதி அனுப்பியவன் அவள் கணவன் தொமினிக்தான். பேட்டரியை ஞாபகம் வைத்திருந்தவனுக்குக் கல்லறை ஞாபகம் வரவில்லை.

"சார், இதுல ஒண்ணு விட்டுப்போச்சி" என்றாள்.

"சொல்லுங்கம்மா. நகையா? அது போட்டுக்கறவங்களுக்குத்தான். அதுல கவலைப்படாதீங்க."

"கல்லறை."

விஜயராகவன் எழுதுவதை நிறுத்தினார். முப்பது வருஷமாகப் பிரெஞ்சுப் பிரஜைகளின் குடும்ப வழக்குகளைப் பார்த்து நரைத்தவர். நாய்க்குட்டிக்காக அடித்துக்கொண்ட தம்பதியைப் பார்த்திருக்கிறார். மாமரத்துக் காய் ஒரு வருஷம் உனக்கு, மறு வருஷம் எனக்கு என்று எழுதி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறார். கல்லறையை யாரும் கேட்டதில்லை.

"யாரோட கல்லறை?"

"எங்களோடது."

உப்பளம் கல்லறைத் தோட்டத்தில், உள்ளே நுழைந்து இடது பக்கம் நான்காவது வரிசையில் அது இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், நிரந்தரக் கல்லறைக்கு இனி இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, வேண்டியவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று மாதா கோயிலில் பூசை முடிந்து அறிவித்தபோது வாங்கியது. தரைக்குக் கீழே மூன்று அடுக்கு. கீழ் அடுக்கில் ஆறு வருஷமாக அவள் மாமியார் க்ளெமான்ஸ் படுத்திருந்தாள். மேலே இரண்டும் காலி.

"கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கினதுன்னா அதுலயும் உங்களுக்குப் பாதி உண்டும்மா. வேற ஒப்பந்தம் எதுவும் எழுதாம கோன்சுலேட்ல பதிஞ்ச கல்யாணம் உங்களோடது. அதுக்கப்புறம் சேர்த்தது எல்லாம் பொது. கீழ்வீடு உங்க வீட்டுக்காரரோட அப்பா வழி வந்தது, அது அவருக்கு. மாடி பொது."

"அப்ப நான் வெளியிலேருந்து ஏணி போட்டு மாடிக்கு ஏறணுமா சார்?"

அவர் சிரித்தார். "அதான், உங்க பாதி மாடிக்கு ஈடா பிள்ளைச்சாவடி மனைய முழுசா உங்களுக்குக் கேக்கப் போறேன். ஆனா கல்லறை வேற மாதிரி. கோயில் ரிஜிஸ்தர்ல எப்படிப் பதிஞ்சிருக்கு?"

"'தொமினிக் குடும்பம்'னு போட்டிருக்காங்க."

"அப்போ அந்தக் குடும்பத்து ஆளைத்தான் அங்க வைப்பாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விவாகரத்துன்னு ஆயிட்டா நீங்க அந்தக் குடும்பம் கெடயாதும்மா. அவரா எழுதிக் குடுத்தாதான் உண்டு."

ஒரு வருஷமாக எத்தனையோ காகிதங்கள் வந்திருந்தன. பிரிகிறேன் என்று தொமினிக் எழுதிய முதல் கடிதம், அங்கே இன்னொருத்தியோடு இருக்கிறேன் என்று எழுதிய இரண்டாவது கடிதம், கோர்ட்டு முத்திரை வைத்தவை, மொழிபெயர்த்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியவை. அவற்றையெல்லாம் ழனெத் கரண்டு பில் மாதிரி ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள். அவை எதுவும் செய்யாததை வக்கீலின் வாயிலிருந்து சாதாரணமாக விழுந்த அந்த ஒரு வாக்கியம் செய்தது. நீங்கள் அந்தக் குடும்பம் கிடையாது. அவளுக்குக் காது அடைத்தது.

"கடைசியா கேளுங்க" என்று விஜயராகவன் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆசையைக் காட்டிக்காதீங்க. காட்டினா எதிர்ப்பக்கம் அதுக்கு ஒண்ணு கேப்பாங்க."

"கேட்டா மனைய குடுத்துடறேன் சார்."

"இதத்தாம்மா சொல்றேன், காட்டிக்காதீங்கன்னு."

*

பிறந்த மூன்றாம் நாள் தாயைப் பறிகொடுத்து, கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவள் ழனெத். கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய், அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தொமினிக்கோடு பட்டாளத்துக் குடியிருப்பில் எட்டு வருஷம் இருந்தாள். பிள்ளை இல்லை. மாமனார் இறந்து, க்ளெமான்சுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் ஒரு விரலை எடுத்தபோது, ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தாள். அந்த ஆறு மாதம் பதினாலு வருஷம் ஆயிற்று.

தொமினிக் ஆண்டுக்கொரு முறை வக்கான்சில், விடுமுறைக்கு, வருவான். ஐந்து வாரம். அவனை விமானம் ஏற்றிவிட்டு வந்து மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிப்பார்கள். "அடுத்த வருஷம் பென்ஷன் வாங்கினு வந்துடுவான் பாரு" என்பாள் க்ளெமான்ஸ். "அடுத்த வருஷம் வந்துடுவாரு அத்தை" என்பாள் இவள். பென்ஷன் வந்த பிறகு அங்கே ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை வந்தது. அதற்கும் ஓர் அடுத்த வருஷம் இருந்தது.

கல்லறையை வாங்கியது அப்படி ஒரு வக்கான்சில்தான். கல்லில் மூன்று பேருடைய பெயரையும் இப்போதே வெட்டிவிடலாம் என்று சொன்னவன் தொமினிக்தான். பிரான்சில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். புருஷன் போனால் பெண்டாட்டி பெயரையும் சேர்த்தே வெட்டி, பிறந்த வருஷத்தைப் போட்டு, ஒரு கோடு இழுத்து, மற்றதைக் காலியாக விட்டுவிடுவார்களாம். இங்கே உயிரோடிருப்பவர் பெயரைக் கல்லறையில் வெட்டினால் ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். க்ளெமான்சுக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று.

"ரயில்ல ரிசர்வேஷன் பண்ற மாதிரி" என்றாள். "எனக்கு லோயர் பெர்த்து. முட்டி வலியோட நான் மேல ஏற முடியாது. நடு பெர்த்து ஒனக்குடி ழனெத், ராத்திரில எனக்குத் தண்ணி கிண்ணி வேணும்னா நீதான எழுந்து குடுப்ப. இவன் டிக்கெட்டே எடுக்காம ஊரச் சுத்தறவன். வந்தா அப்பர் பெர்த்துல ஏறிக்கட்டும்."

கல்தச்சன் கன்னியப்பனே சிரித்துவிட்டான்.

கல் பதித்த அன்று மூவரும் போய்ப் பார்த்தார்கள். கறுப்புக் கல். வெட்டிய எழுத்துகளுக்குள் கன்னியப்பன் வெள்ளை அடித்திருந்தான். க்ளெமான்ஸ் 1941 கோடு. தொமினிக் 1968 கோடு. ழனெத் 1972 கோடு. அங்கிருந்து கடற்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். மோதிரம் மாற்றிய அன்றைக்குக்கூட ழனெத்துக்கு அப்படி இருந்ததில்லை. வருஷத்தில் ஐந்து வாரம் மட்டும் பக்கத்தில் இருப்பவன், செத்த பிறகு எப்போதும் பக்கத்தில் இருப்பேன் என்று கல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறான். மீதி நாற்பத்தேழு வாரங்களை அவள் அந்தக் கல்லை வைத்துத்தான் கடத்தினாள். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

*

"இன்னாக்கா, வஞ்சிரம் வெட்டட்டா? அண்ணன் வருதாமே" என்றாள் அஞ்சலாட்சி. வைத்திக்குப்பத்திலிருந்து பதினைந்து வருஷமாக அந்த வீட்டுக்கு மீன் கொண்டு வருபவள். வாசற்படியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் உள்ளே நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அவரு ஓட்டல்ல தங்கறாரு. எனக்கு ரெண்டு சங்கரா போதும்."

"சொந்த வூட்ட வெச்சிக்கினு ஓட்டல்லயா! நல்லா கீது. வக்கீலு இன்னா சொன்னாரு?"

"மனை எனக்கு வரும்ங்கறாரு. கல்லறைக்கு அவரு கையெழுத்து வேணுமாம். தரமாட்டேன்னா மனைய குடுத்துட்டு அத வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

அஞ்சலாட்சியின் கை மீனின் செதிலில் நின்றது. "கடலப் பாத்த மனைய குடுத்துட்டுக் குழிய கேக்கறியா? உசுரோட இருக்க எடத்தத் தேடுக்கா மொதல்ல. செத்தா எங்க போட்டா இன்னா?"

"அத்தைகிட்ட சொல்லியிருக்கேன், பக்கத்துல வரேன்னு."

"கெழவி எழுந்து வந்தா கேக்கப் போவுது?"

"கேட்டாலும் கேக்கும்."

இருவருக்கும் க்ளெமான்சைத் தெரியும். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அஞ்சலாட்சி சங்கராவின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் பூனைக்குப் போட்டாள்.

"என் ஊட்டுக்காரன் வேற ஒருத்தியோட போனப்ப படகுல பங்கு, வலை, டிவி, எல்லாத்தையும் அள்ளிக்கினு போனான். நானு இந்த அருவாமனைய மட்டும் குடுக்கல. சட்டுனு புடுங்கி முந்தானைல மறைச்சிக்கினேன். இன்னி வரைக்கும் இதான் சோறு போடுது. அதனால சொல்றேன்." கழுவிய மீனைச் சட்டியில் போட்டு நீட்டினாள். "ஒனக்குக் கெழவி பக்கத்துல எடம் வேணுமா, அந்தாளு பக்கத்துல எடம் வேணுமா? அத மொதல்ல நீயே கேட்டுக்கோ."

"போடி" என்றாள் ழனெத். சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அன்றைக்குக் குழம்பில் புளி போட மறந்தாள்.

*

மூன்று வருஷத்துக்குப் பிறகு வக்கீல் ஆபீசில் தொமினிக்கைப் பார்த்தபோது அவள் முதலில் கவனித்தது சட்டைக் கையை. தோளிலிருந்து கை முடிகிற வரைக்கும் கத்தி மாதிரி ஒரு மடிப்பு வேண்டும் அவனுக்கு, பட்டாளத்துப் பழக்கம். அவளுக்கு அந்த மடிப்பு வரச் செய்ய இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது சட்டை நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தது, மடிப்பு இல்லாமல். வேறொருத்தி வேறு மாதிரி தேய்க்கிறாள். அவனும் அதற்குப் பழகிவிட்டான்.

"எப்படி இருக்க?"

"இருக்கேன்."

அவனை என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. 'என்னங்க' என்பது பட்டியலில் எந்தப் பக்கம் வரும்?

விஜயராகவன் ஒவ்வொன்றாக வாசித்தார். தகராறே வரவில்லை. அதுதான் அவளை அசைத்தது. எதற்காவது அவன் முறுக்கிக்கொள்வான் என்று பார்த்தாள். கீழ்வீடும் மாடியும் அவனுக்கு. அதற்கு ஈடாகப் பிள்ளைச்சாவடி மனை முழுவதும் அவளுக்கு. "சரி" என்றான். அவள் வேறு இடம் பார்க்கிற வரைக்கும் வீட்டில் இருக்கலாம். "எவ்ளோ நாள் வேணும்னாலும்." கார் அவளுக்கு. தையல் மெஷின் அவளுக்கு. தேக்குக் கட்டில் என்று வாசித்தபோது இருவரும் வெவ்வேறு சுவரைப் பார்த்தார்கள். "அதயும் அவளே வெச்சிக்கட்டும்" என்றான்.

"அம்மாவுக்கு இன்னொரு விஷயம் இருக்கு" என்றார் வக்கீல்.

ழனெத் பத்து நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். பதினாலு வருஷம் உங்கள் அம்மாவுக்கு நான் செய்தேன். கடைசி எட்டு மாதம் மலமும் சிறுநீரும் படுக்கையில். அடக்கத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியாகிவிட்டது; கண்ணை மூடிவிட்டவள் நான். அத்தைக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். வேண்டுமானால் மனையைத் தருகிறேன் என்பது கடைசியில்.

"உப்பளத்துல இருக்கற கல்லறை..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா, அது ஒண்ணு இருக்குல்ல!" தொமினிக் நெற்றியைத் தட்டிக்கொண்டான். "மறந்தே போனேன். நீயே வெச்சிக்கோ ழனெத்."

"முழுசா?" என்றார் விஜயராகவன்.

"முழுசா. எனக்கு வேணாம். நாங்க ரெண்டு பேரும் எரிக்கறதுக்குப் பதிஞ்சி வெச்சிட்டோம். அங்க இப்ப எல்லாரும் அதான் பண்றாங்க. சுலபம், யாருக்கும் தொந்தரவு இல்ல." பேனாவைத் திறந்தான். "எங்க போடணும்?"

வக்கீல் முன்யோசனையாக எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். மேற்படி கல்லறையின் மீதான எல்லா உரிமையையும் திருமதி ழனெத்துக்கு விட்டுக்கொடுத்து, இனி எனக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று. தொமினிக் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். பெயருக்குக் கீழே எப்போதும் போல ஒரு சுழி.

கேட்டது கிடைத்தது. மனையும் கிடைத்தது. விஜயராகவன் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பார்த்தீர்களா என்பது போல் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ழனெத் முகத்தில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அஞ்சலாட்சி கேட்டதற்கு இப்போது பதில் தெரிந்தது. அவன் தரமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் அவள் பத்து நாளாகக் காத்திருந்தாள். வீட்டை எடுத்துக்கோ, கட்டிலை எடுத்துக்கோ, அந்த இடத்தை மட்டும் தரமாட்டேன், அது நம்ம ரெண்டு பேருக்கும்னு வெட்டின கல்லு என்று அவன் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால், மனையைக் கொடுத்துவிட்டு அவள் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாள், சந்தோஷமாக.

நாங்க ரெண்டு பேரும். அதில் அவள் இல்லாமல் ரெண்டு பேர் ஆகிவிட்டது.

"மெர்சி" என்று நன்றி சொன்னாள்.

*

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமாகக் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கன்னியப்பன் கல்லுக்குக் கல் தாவி எழுத்துகளுக்குப் புது வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. உங்களோடதும் மங்கிப்போச்சி. அடிச்சிடறேன்."

"கன்னியப்பா, இதுல ஒரு பேரை எடுக்கணும்னா எடுக்கலாமா?"

அவன் அவளைப் பார்த்தான்; கல்லைப் பார்த்தான். எந்தப் பெயர் என்று கேட்கவில்லை. ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

"சிமெண்டு வெச்சி அடைக்கலாம். கறுப்புக் கல்லுல அது தழும்பு மாதிரி தெரியும். சுத்தமா போவணும்னா இந்தக் கல்லையே எடுத்துட்டு வேற கல்லு போடணும்." தலையைச் சொறிந்தான். "பெரியம்மா பேரயும் உங்க பேரயும் புதுசா வெட்டணும். இது ஒரே கல்லுக்கா. ஒருத்தர மட்டும் எடுக்க வராது."

ழனெத் குனிந்து பார்த்தாள். இரண்டு கோடுகளும் அப்படியே காலியாக நின்றன. தன் கோட்டுக்குப் பின்னால் இருந்த வெறும் கல்லை அவள் இத்தனை வருஷம் பயமில்லாமல் பார்த்து வந்திருக்கிறாள். இன்றைக்கு முதல் தடவையாக அது குளிர்ந்தது. நடு அடுக்கில் அவள். மேல் அடுக்கில் ஒருவரும் இல்லை. கீழே இருப்பவளாவது ராத்திரியில் தண்ணீர் கேட்பாள். மேலேயிருந்து ஒரு சத்தமும் வராது.

"அத்தை பேருக்கும் என் பேருக்கும் அடி" என்றாள். "அத விட்டுடு."

கன்னியப்பன் அப்படியே செய்தான். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவில் தொமினிக்கின் பெயர் மழைக்கறையும் பாசியுமாகக் கல்லோடு கல்லாகக் கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எழுத்து என்று தெரியும்.

*

திருநாளன்று சாயங்காலம் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. பாதிரியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். சுண்டல் விற்கிறவன் வாசலில் கத்திக்கொண்டிருந்தான். ழனெத் கல்லைத் துடைத்து, க்ளெமான்ஸ் பெயரைச் சுற்றி ரோஜா இதழ் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் நின்றது.

திரும்பாமலே தெரிந்தது. இருபத்தெட்டு வருஷத்துக் காது.

தொமினிக் கையில் சாமந்திச் செடி வைத்த ஒரு மண்தொட்டி. பிரான்சில் இந்த நாளுக்கு அதைத்தான் கொண்டு போவார்கள். கல்லுக்கு ஓரடி தள்ளி நின்றான். வரிசையில் மற்ற கல்லறைகளில் பிள்ளைகள் தங்கள் தாய் தகப்பன் தலைமாட்டில் உரிமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. விருந்தாளி மாதிரி அனுமதி கேட்கிறான். அவன் அம்மா.

"உங்க அம்மா. என்னக் கேக்கணுமா?"

"கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

தொட்டியைக் கீழே வைத்தான். மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தான். கடற்காற்றில் தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை ழனெத்தின் இரண்டு கைகளும் தாமாகப் போய்ச் சுடரைச் சுற்றி நின்றன. பற்றிக்கொண்டதும் அவள் கைகளை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஏதோ ஒட்டியிருப்பது போல.

அந்த வெளிச்சத்தில்தான் அவன் கல்லைப் பார்த்தான். அம்மாவின் பெயர். ழனெத்தின் பெயர். நடுவில் இருட்டு. விரலை வைத்துத் தடவித் தன் பெயரைக் கண்டுபிடித்தான். ஓர் எழுத்து விடாமல் தடவினான்.

"எனக்கு மட்டும் அடிக்கலையா?"

ஐம்பத்தாறு வயது ஆளின் குரல் இல்லை அது. பந்தியில் இலை போடாமல் விடப்பட்டவனின் குரல். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பத்து நாளாக அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் அவன் மேல் கொட்டியிருக்க வேண்டும்.

"நீங்கதான வேணாம்னீங்க."

"ஆமா." விரலைக் கல்லிலிருந்து எடுத்தான். "சுரண்டி எடுத்துடப் போறியா?"

"எடுத்தா கல்லையே மாத்தணுமாம். அத்தை பேரும் போயிடும். உட்டுட்டேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான், நல்ல பேண்ட்டோடு. அம்மாவின் பெயருக்கு நேரே. அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத மகன். தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. ழனெத் தொடவில்லை. தொடுவதற்குக் கை எழுந்தது. அதை அவள் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். அவன் அழுவது அவனுடைய அம்மாவுக்காக. அதில் தனக்கென்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற தன் மனத்தை அவள் வெறுத்தாள். தேடிக்கொண்டும் இருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "சாம்பலுக்கு ரொம்ப எடம் வேணாம் இல்ல?"

"என்ன?"

"எரிச்ச அப்புறம் ஒரு சின்ன டப்பாதான் குடுப்பாங்க. அம்மாகிட்ட ஒரு ஓரமா..." வாக்கியத்தை முடிக்கவில்லை.

அம்மாகிட்ட. ழனெத் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டாள்.

"அங்க இருக்கறவங்க குடுக்கணுமே" என்றாள்.

"கேட்டா பாதி குடுப்பா."

"அப்ப அதுக்கும் விஜயராகவன் சார்கிட்டதான் போவணும்."

ஒரு கணம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கு. க்ளெமான்ஸ் தலைமாட்டில் உட்கார்ந்து, சுற்றிலும் செபமாலை உருட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். இந்த மனிதனோடு இப்படித்தான் சிரித்தோம், எட்டு வருஷம், வேறொரு ஊரில், ஒரே அறை வீட்டில் என்பது அவளுக்கு நினைவு வந்தது. எந்தப் பட்டியலிலும் அது ஏறவில்லை. அதை யாருக்கு எழுதுவது, எப்படிப் பாதியாக்குவது என்று தெரியாமல் இருவரும் விட்டுவிட்டிருந்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் பார்த்துவிடக் கூடாது என்று மெழுகுவர்த்திகளை நேராக்குவது போல் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு ஃப்ளைட்டு" என்றான் எழுந்து. பேண்ட்டைத் தட்டிக்கொண்டான். "செடிக்குத் தண்ணி ஊத்திடு."

"ம்."

டப்பாவைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை. அவளும் சரி என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. வரிசைகளுக்கு நடுவே, வெளிச்சத்தில் வந்தும் மறைந்தும் அவன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அப்பால் அவன் முதுகைக் கடைசி வரை பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அது இப்போதும் கடைசி வரை பார்த்தது.

கன்னியப்பன் பிரஷ்ஷும் டப்பாவுமாக அந்தப் பக்கம் வந்தான். கடைசி நேரத்தில் வந்தவர்களின் கல்லுக்கு அடித்து முடித்திருந்தான்.

"அக்கா, கொஞ்சம் பெயிண்ட் மீந்திருக்கு. அண்ணன் வந்துட்டுப் போனாரே, பாத்தேன்." கல்லைக் காட்டினான். "அந்தப் பேரையும் அடிச்சிடட்டா? நடுவுல பொக்கையா இருக்கு."

ழனெத் கல்லைப் பார்த்தாள். மெழுகுவர்த்திகள் பாதி உருகியிருந்தன. தடவிய விரல் பட்டு, தொமினிக்கின் முதல் எழுத்தில் மட்டும் பாசி விலகியிருந்தது.

"வேணாம் கன்னியப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்த 'அடுத்த வருஷம்' அவள் காதில் விழுந்தது. கீழ் அடுக்கில் இருப்பவளுக்கும் விழுந்திருக்கும். ழனெத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தாள்.